பயத்தோடேயே போங்கள்: தொழுநோயாளர் இல்லத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

கிறிஸ்மஸ் நெருங்கினால் வாலிபர் கூட்டத்தில் யாராவது ஒருவர் தொழுநோயாளர் இல்லத்துக்குப் போகலாம் என்பார். போவோம். வராண்டாவில் மேசை போட்டு கேக்கும் போர்வையும் கொடுத்து, இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு குரூப் போட்டோ, அரை மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும். யாரையும் தொட்டிருக்க மாட்டோம்.

இந்த முறை போகும் முன் மாற்கு முதல் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். தம்மிடம் வந்த ஒரு குஷ்டரோகியைப் பார்த்து இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்ட பிறகுதான் "சுத்தமாகு" என்கிறார். தொடும்போது அவன் இன்னும் குஷ்டரோகிதான்.

பயம் போகட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்ற வசனத்தை வாசித்துவிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறதே, அப்படியானால் என்னிடம் அன்பு இல்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பயம் இருந்தால்தானே வெளியே தள்ள முடியும்?

தெரியாததால் வரும் பயத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். கை குலுக்குவதாலோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ தொழுநோய் ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் பரவும், அதுவும் பெரும்பாலானவர்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. இதற்கென்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். இல்லத்தில் நீங்கள் பார்க்கும் மடங்கிய விரல்கள் பெரும்பாலும் எப்போதோ குணமானவர்களுடையவை.

விரல் அழுகி விழுகிறது என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்லி வளர்த்தார்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயப்பட்டுத்தான் விரல்கள் குறைகின்றன என்று கண்டுகொண்டார். அதனால் ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்யுங்கள்: கொதிக்கிற காப்பியை எவர்சில்வர் டம்ளரில் அப்படியே நீட்டாதீர்கள். அவருக்குச் சூடு தெரியாது, சிரித்துக்கொண்டே வாங்கிப் பிடித்திருப்பார், சாயங்காலம் உள்ளங்கையில் கொப்புளம் இருக்கும். கைப்பிடி வைத்த கப்பில் ஆற்றிக் கொடுங்கள்.

அவர்கள் காப்பி கொடுத்தால் குடியுங்கள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்று சொல்லி எத்தனை பேர் தப்பித்தார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு கையைப் பிடியுங்கள். முதல் தடவை எனக்கு வியர்த்தது, ஒரு பாட்டியின் விரலில்லாத கை என் கைக்குள் சின்னதாக, கதகதப்பாக இருந்தது, பேச்சு முடியும் வரை அவர் அதை எடுக்கவே இல்லை. பாட்டி, தாத்தா, ஐயா என்று கூப்பிடுங்கள். நோய் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சொந்த ஊர், பிள்ளைகள், அந்தக் காலத்தில் பாடிய ஞானப்பாட்டு, இப்படிக் கேளுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம், எத்தனையோ பேர் ஊருக்குத் தெரியாமல் அங்கே இருக்கிறார்கள்.

வசனம் சொல்ல வேண்டும், பிரசங்கம் பண்ண வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அங்கே உங்களைவிட அதிகம் ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

டிசம்பரில் எல்லாரும் வருவார்கள். நீங்கள் மறுபடி ஜூனில் போங்கள், கேக் இல்லாமல், இரண்டே பேராக, போன தடவை பேசிய அதே பாட்டியைப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு.