பெல்லட்ட நமத்துப்போக விடாதீங்க: ஹூஸ்டன் புழுக்கத்துல ஸ்மோக்கர் வச்சிருக்கவங்களுக்கு

பெல்லட் ஸ்மோக்கர், அதாவது மரத்தூள அழுத்தின குட்டிக் குச்சிகள எரிச்சு அந்தப் புகையிலயும் சூட்டுலயும் கறி வேக வைக்கற கரண்டு அடுப்பு, வாங்கணும் எந்த பிராண்டு நல்லதுன்னு ஹூஸ்டன சுத்தி கேட்டி (Katy), சுகர் லேண்ட், பேர்லேண்ட் ஊருங்கள்ல இருக்கற நம்மாளுங்க அடிக்கடி கேக்கறாங்க. டிரேகரோ பிட் பாஸோ எதுவா இருந்தாலும் உள்ள நடக்கற வேல கிட்டத்தட்ட ஒண்ணுதான். இந்த ஊருல உங்க காச கரியாக்கறது மெஷின் இல்ல, நமத்துப்போன பெல்லட்டுதான்.

ஏன்னா பெல்லட்ங்கறது வெறும் மரத்தூள், அத சூட்டோட அழுத்தும்போது மரத்துலயே இருக்கற லிக்னின் இளகி தூள சேத்து ஒட்டிக்குது, பொதுவா தனியா பசை கிசை எதுவும் சேக்கறதில்ல. ஈரம் பட்டுச்சுன்னா அந்தப் பிடி விட்டுடும், உப்பும், உதிரும். பெல்லட்ட கொட்டி வைக்கற ஹாப்பர்ங்கற தொட்டியிலேர்ந்து அத நெருப்புக்கு தள்ளிட்டுப் போற ஆகர்னு ஒரு திருகு கம்பி இருக்குல்ல, உப்புன தூளு அதுக்குள்ள இறுகிக் காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், மோட்டார் முக்கும் ஆனா சுத்தாது. அந்தளவுக்கு போகலன்னாலும் லேசா நமத்த பெல்லட்டு சரியா எரியாது, 225 டிகிரி ஃபாரன்ஹீட் வச்சா அது பாட்டுக்கு ஏறி இறங்கும், கெட்டியா வெள்ளப் புகையா வரும், கறி கசக்கும். நல்லா எரியற நெருப்புல புகை மெல்லிசா லேசா நீலம் கலந்த மாதிரி இருக்கும், கண்ணுக்கு சரியாக்கூட தெரியாது, அதப் பாத்துட்டு புகையே வரலன்னு பயப்படாதீங்க.

பெல்லட்டு நல்லாருக்கான்னு பாக்க ரொம்ப சுலபம், ஒண்ண எடுத்து ரெண்டா ஒடிங்க. அப்பளம் மாதிரிதான், நல்லதுன்னா படக்குன்னு சத்தத்தோட ஒடியும், மேல லேசா பளபளப்பு இருக்கும், நமத்ததுன்னா சத்தமே இல்லாம பிஞ்சு கையில தூளா ஒட்டும். கடையில வாங்கும்போதே பைய தூக்கி அடியில அமுக்கிப் பாருங்க, தூளு நிறைய தேங்கியிருந்தா வேற பை எடுங்க. வாசல்ல வெளியில அடுக்கி வச்சிருக்கற பைய தள்ளுபடியில குடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் அந்தப் பையிலயே வச்சிருக்காதீங்க, பிரிக்காத பையாவே இருந்தாலும் சரி, நிறைய பையில காத்து போக குட்டிக்குட்டி ஓட்டை இருக்கும். 5 கேலன் பக்கெட் ஒண்ணு, அதுக்கு ரப்பர் வாஷர் வச்ச திருகு மூடி ஒண்ணு, 20 பவுண்டு பை ஒண்ணு அதுல ஏறக்குறைய அடங்கிடும். சாதாரண அமுக்கு மூடியும் பரவால்ல, ஆனா அத தெறக்கறதுக்குள்ள நகம் போயிடும், அப்புறம் சோம்பேறித்தனத்துல அரைகொறையா மூடி வைப்போம், அதுக்கு திருகு மூடிக்கே காசு குடுத்துடலாம். உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா நல்லது, ஆனா மூடி சரியில்லாத டப்பாவுல எத்தன பாக்கெட் போட்டாலும் வேஸ்ட்டுதான். மேல டேப் ஒட்டி எந்த மரம், எப்ப வாங்கினதுன்னு எழுதிடுங்க, ஓக்கும் ஹிக்கரியும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஏசி இருக்கற லாண்டரி ரூமுல இடம் இருந்தா அங்க வைங்க, கராஜ்தான்னா வெறும் கான்கிரீட் தரையில வைக்காம ஒரு பலகை போட்டு மேல வைங்க.

அடுத்தது ஹாப்பர், நிறைய பேர் கோட்ட விடறது இங்கதான். 225ல ஓடும்போது மணிக்கு சுமாரா 1 பவுண்டு எரியும், 400க்கு மேல போனா ரெண்டு ரெண்டரைன்னு இழுக்கும், அத வச்சு கணக்குப் போட்டு வேணுங்கறத மட்டும் கொட்டுங்க. சமைச்சு முடிச்சதும் மிச்சத்த ஹாப்பர்லயே விடாதீங்க, அதுல காத்து புகாத மூடியெல்லாம் கிடையாது, ராத்திரி பனி எறங்கற ஊரு இது. பின்னாடி கதவு இருந்தா பக்கெட்ட புடிச்சு வழிச்சிடுங்க, இல்லன்னா ஒரு கப்பால அள்ளிட்டு மிச்சத்த வாக்குவம் வச்சு இழுத்துடுங்க. ரெண்டு மூணு வாரம் தொடமாட்டீங்கன்னா ஆகர் குழாயில இருக்கறதும் தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க, அடுத்த தடவ பத்த வைக்கும்போது பெல்லட்டு வந்து சேர கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

நிறுத்தும்போது பிளக்க புடுங்காதீங்க, ஷட்டவுன் போட்டு ஃபேன் தானா நிக்கற வரைக்கும் விடுங்க, இல்லன்னா ஃபயர் பாட்ல, அதாவது பெல்லட்டு எரியற கிண்ணத்துல, மிச்சம் இருக்கற நெருப்பு ஆகர் வழியா ஹாப்பர் பக்கம் ஏறலாம். நல்லா ஆறினதுக்கப்புறம் கவர் போடுங்க, மழை விட்டு வெயில் வந்ததும் அந்தக் கவர கழட்டி கொஞ்சம் காத்தாட விடுங்க, கவருக்குள்ள அடங்குற ஈரமே துரு புடிக்க போதும். சாம்பலும் ஈரத்த இழுத்து வச்சுக்கும், அதனால ரெண்டு மூணு சமையலுக்கு ஒரு தடவ ஃபயர் பாட்ட வாக்குவம் பண்ணிடுங்க, முழுசா ஆறின பிறகு மட்டும், ஒரு கங்கு உள்ள போனா வாக்குவமே பத்திக்கும்.

நடுவுல நெருப்பு அணைஞ்சுட்டா உடனே திரும்ப ஸ்டார்ட் போடாதீங்க. ஃபயர் பாட்ல எரியாத பெல்லட்டு குவிஞ்சிருக்கும், அத்தனையும் புகைஞ்சு ஒரே நேரத்துல பத்துச்சுன்னா மூடி தூக்கி அடிக்கும். ஆற விட்டு, பாட்ட காலி பண்ணிட்டு அப்புறம் பத்த வைங்க. ஸ்டார்ட் போட்டதும் ஜிஎஃப்சிஐ (கரண்டு கசிஞ்சா தானா கட்டாகற) பிளக் டிரிப் ஆனா பல நேரம் பெல்லட்ட பத்த வைக்கற இக்னைட்டர்ல ஈரம் சேந்திருக்கும், நல்லா காய விட்டு பாருங்க, அப்பவும் டிரிப் ஆனா இக்னைட்டர மாத்தணும். மழ பெய்யுதேன்னு கராஜுக்குள்ள தள்ளிட்டுப் போய் ஓட்டறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆளக் கொன்னுடும்.

சமையல் விஷயம் சுருக்கமா. சிக்கன் லெக் பீஸுக்கு தயிர், மிளகாத்தூள், மிளகு, இஞ்சி பூண்டு தடவி ராத்திரி ஃபிரிட்ஜுல ஊற விட்டு 225ல முக்கா மணி நேரம் புகை காட்டி, அப்புறம் 375க்கு ஏத்துங்க, இல்லன்னா தோலு ரப்பராயிடும். எலும்புகிட்ட உள்சூடு குறைஞ்சது 165, லெக் பீஸுக்கு 180 பக்கம் போனா இன்னும் நல்லாருக்கும். ஆட்டுத் தொடைக்கு ஓக் பெல்லட்டுதான் என் சாய்ஸ், மெஸ்கீட் மர பெல்லட்டு நம்ம கரம் மசாலாவோட மல்லுக்கு நிக்கும்.

ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், புயல் வருதுன்னா மொதல்ல ஹாப்பர காலி பண்ணுங்க. கரண்டு இல்லன்னா இந்த மெஷின் ஓடவே ஓடாது, 2024 ஜூலைல பெரில் புயல் வந்தப்ப ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷன்ல கரண்டு போச்சு, அதனால சின்னதா ஒரு கரி அடுப்பு தனியா வச்சிருக்கறது நல்லது.

ரொம்ப நாள் கழிச்சு தெறந்து பாத்தா உள்ள பூஞ்சை பூத்திருக்கா, ஹாப்பர்ல இருக்கறது மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு அடியில தேங்கின கொழுப்ப வழிச்சிட்டு, புது பெல்லட்டு போட்டு ஃபுல் சூட்டுல ஒரு மணி நேரம் ஓட விடுங்க, ஆறினதும் சுரண்டி, கம்பி வலைய சோப்பு போட்டு கழுவுங்க. ஆகர் இறுகியிருந்தா தண்ணி ஊத்திடாதீங்க இன்னும் உப்பும், பிளக்க கழட்டிட்டு மோட்டார பிரிச்சு ஆகர வெளிய உருவி ஸ்க்ரூ டிரைவரால தட்டி எடுக்கணும். உப்பி உதிர்ந்தத வெயில்ல காய வச்சு திரும்ப போடலாமான்னு கேக்காதீங்க, அது இனிமே வெறும் மரத்தூளுதான், கறிவேப்பில தொட்டியில மேலாப்புல தூவுங்க, மண்ணோட கலக்காதீங்க, நைட்ரஜன இழுத்துக்கும்.