வாவிக்கரை வாங்கு: மேலே பெயின்ட், கீழே கறள்

நிலவு நாளில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தருகே உட்கார்ந்தால், ஊரார் சொல்லும் அந்த மீன் பாடுவது கேட்கிறதோ இல்லையோ, கால் ஆடும் வாங்கு (நீள இருக்கை) என்றால் அது முனகுவது நிச்சயம் கேட்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர் வாவி. மட்டக்களப்பின் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இங்கே வாங்கு கெடத் தொடங்குவது பெரும்பாலும் கால் நிலத்தைத் தொடும் இடத்தில். நாம் பார்ப்பதோ உட்காரும் பலகையை.

அதனால்தான் விழாவுக்கு முதல் நாள் பெயின்ட் வாளியோடு ஆள் வருகிறார். உப்பையும் கறளையும் (துருவையும்) துடைக்காமல் பூசிவிட்டுப் போகிறார். உள்ளே அகப்பட்ட உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். அதைவிட, அடியில் நடப்பதை அந்தப் பெயின்ட் மறைத்துவிடுகிறது என்பதே என் பெரிய குறை. நன்னீரால் கழுவிக் காயவிட்டு, கறளைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் நிறம்.

காலைச் சீமெந்துக்குள் புதைத்துச் சுற்றிலும் பள்ளமாக விடுவதும் தவறு. மழை நீரும் மணலும் அந்தக் கிண்ணத்தில் தேங்கும். அடித்தளத்தைச் சற்று உயர்த்தி, தண்ணீர் வெளியே வழியும்படி சரித்துவிட வேண்டும்.

களவுக்குப் பயந்து செய்யும் வேலைகள் தனி ரகம். பழைய இரும்புக்கு விலை இருக்கும்வரை கழற்றக்கூடியது கழற்றப்படும், உண்மைதான். ஆனால் சங்கிலியும் பூட்டும் போட்டால், கொஞ்ச நாளில் பூட்டுக்குள் சாவியே நுழையாது. போல்டைக் காலோடு வெல்டிங் செய்தால் அந்தச் சூட்டில் இரும்பின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். கறள் அங்கிருந்தே தொடங்கும். நடைபாதைக் கல்லில் மட்டும் பிடித்த வாங்கையோ நாலு பேர் கல்லோடு தூக்கிப் போகலாம். கொங்கிறீட்டுக்குள் ஆழமாக இறங்கும் போல்டும், சாதாரண ஸ்பனருக்குப் பிடிகொடுக்காத நட்டும் நல்லது. அதற்குரிய ஸ்பனரைத் தொலைக்காமலிருப்பது இன்னொரு வேலை.

கறள் பிடிக்காத உருக்கு வாங்குக்கு மலிவான இரும்பு போல்ட் போடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டால் பெரிய சட்டத்துக்குச் சிறிய போல்ட் பலியாகும். அந்த உருக்கிலும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும். 316 கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

கொங்கிறீட் வாங்குக்கும் விலக்கில்லை. கழுவாத கடல் மணலில் வார்த்து, கம்பியை மேற்பரப்புக்கு அருகே விட்டால், கம்பி கறள் பிடித்துப் பருக்கும், கொங்கிறீட் பிளக்கும். வெடிப்பின் மேல் சாந்து பூசுவது அந்தப் பெயின்ட்காரரின் வேலையேதான்.

கார்த்திகை, மார்கழி மழையில் எதையும் திருத்த முடியாது. ஆவணி, புரட்டாதியிலேயே ஒவ்வொரு வாங்கையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, போல்ட்டுகளை இறுக்கிவிட வேண்டும். மோசமாக ஆடுவதை அன்றே கயிறு கட்டி ஒதுக்குங்கள். நிழல் விழும் வாங்கு என்றால் கால் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.