லாப்ரடார் தேயிலை: இலை பறிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடலோரப் புதர்வெளிகளிலும், அவற்றை அடுத்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளின் ஈர நிலத்திலும், பெரும்பாலும் இடுப்பளவுக்கு மேல் உயராத ஒரு பசுமை மாறாப் புதர் வளர்கிறது. கோடைத் தொடக்கத்தில் கிளை நுனிகளில் வெண்ணிறப் பூங்கொத்துகளைத் தாங்கும் இது லாப்ரடார் தேயிலை எனப்படுகிறது. நீலகிரிச் சோலைகளில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசும் இதுவும் ரோடோடென்ட்ரான் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இன்யூட், கிரீ, மிக்மாக் முதலிய முதற்குடி மக்கள் இதன் இலையை நெடுங்காலமாகப் பானமாகவும் மருந்தாகவும் பயன்படுத்தி வருகிறார்கள். அந்த அனுபவம் இல்லாமல் இலை பறிக்கச் செல்பவர்கள் செய்யும் தவறுகளில் சில உயிருக்கே ஆபத்தானவை.

அவற்றுள் முதன்மையானது, வளரும் இடத்தையும் இலையின் மேற்புறத்தையும் மட்டுமே பார்த்துச் செடியை முடிவு செய்வது. அதே சதுப்பு நிலத்தில் கால்மியா, ஆண்ட்ரோமெடா என்னும் நச்சுப் புதர்களும் வளர்கின்றன. அவற்றிலுள்ள கிரேயனோடாக்சின் என்னும் நச்சு வாந்தியையும் தலைசுற்றலையும் உண்டாக்கி, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடியது. பூத்திருக்கும்போது அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே வேறுபாட்டைக் காட்டிவிடும். பூ இல்லாத காலத்திலோ, குறுகித் தடித்து ஓரம் அடிப்புறமாகச் சுருண்ட இலைகள் மேலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். லாப்ரடார் தேயிலையின் முதிர்ந்த இலைக்கு அடிப்புறத்தில் துரு நிறத்தில் அடர்ந்த பஞ்சு போன்ற மயிர் இருக்கும். மற்ற இரண்டிலும் அந்தத் துருநிறப் பஞ்சு கிடையாது. ஆண்ட்ரோமெடாவின் இலைகள் லாப்ரடார் தேயிலையைப் போலவே தண்டில் மாறிமாறி அமைந்திருப்பதால், இலை அமைவை மட்டும் நம்புவதும் போதாது.

இளந்தளிர்களில் அந்த மயிர் வெளிறியே இருக்கும் என்பதால், அனுபவமில்லாதவர்கள் தளிரைத் தொடாமல், துரு நிறம் தெளிவாகத் தெரியும் முந்தைய ஆண்டின் இலைகளையே பறிப்பது நல்லது. இப்புதர்களின் கிளைகள் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; கைப்பிடியாக அள்ளிப் பறித்தால், செடியைச் சரியாக அடையாளம் கண்டவருடைய பையிலும் நச்சு இலை சேர்ந்துவிடும்.

இலை சரியானதாகவே இருந்தாலும், அளவில்லாமல் குடிப்பதும் கெட்டியான கஷாயமாகக் காய்ச்சுவதும் தவறு. சில இலைகளை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்த இலேசான பானத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மருந்தாகக் காய்ச்சும் முறைகள் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகின்றன. அவற்றை அறிந்த மூத்தவர்களின் வழிகாட்டல் இல்லாமல் அவற்றைப் பின்பற்றக் கூடாது. கர்ப்பிணிகள் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஒரே புதரை மொட்டையடிப்பதும் பெருந்தவறே. குளிர் நிலத்தில் மெதுவாக வளரும் இச்செடிக்குப் பழைய இலைகளே குளிர்காலத்தைத் தாண்டும் பலம் என்பதால், ஒரு புதரில் சில இலைகளை மட்டும் எடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் காட்டிலிருந்து வேரோடு பெயர்த்து வருவது பெரும்பாலும் செடியைக் கொல்வதில்தான் முடிகிறது. அதன் நுண்வேர்கள் அமில மண்ணையும் அங்குள்ள பூஞ்சைகளின் துணையையும் சார்ந்து வாழ்பவை. நாற்றங்காலில் வளர்த்த செடியை வாங்கி, சுண்ணாம்பு கலவாத ஈரமான அமில மண்ணில் நட்டால் பிழைக்கும்.