ஒகேனக்கல்லுக்கு நாள் குறிக்கும் முன்

ஒகேனக்கல்லுக்கு நாள் குறிப்பவர்கள் பெரும்பாலும் விடுமுறையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதோ காவிரியின் நீர்வரத்தை. அது உயரத் தருமபுரியில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால், இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே செந்நிற வெள்ளம் வந்து சேரும். தமிழக–கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து நாளிதழ்களில் வெளியாகிறது. புறப்படும் நாளின் அளவோடு, முந்தைய இரண்டு மூன்று நாள்களில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். விநாடிக்கு 10,000 கன அடி என்பது ஏறத்தாழ 2.83 லட்சம் லிட்டர். நீர்வரத்து மிகுந்தால் அருவியில் குளிக்கவும் பரிசலில் செல்லவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். மிகவும் குறைந்தாலோ பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களையே நான் பரிந்துரைப்பேன்.

தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பயணம். பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போட்டுப் பழக்கியதன் விளைவை, கையில் பையோடு நடக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

இங்கு வந்து பரிசலில் ஏறாமல் திரும்புவது பாதிப் பயணமே. மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டக் கூடையின் அடியில் ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் இல்லாததால், ஒரே துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுபவரின் மணிக்கட்டைக் கவனித்துப் பாருங்கள், சுவையாக இருக்கும். கட்டணத்தையும் செல்லும் இடங்களையும் ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். உயிர்காக்கும் மேலங்கியை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல், பட்டையை இறுக்கி அணிய வேண்டும். நடுவாற்றில் எவரும் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. பாறைச் சுவர்களுக்கிடையே பரிசல் நுழையும்போது அருவியின் நீர்த்திவலை புகைபோல எழுந்து முகத்தில் படியும்; கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை என்னும் பெயர்க் காரணம் அப்போது விளங்கும்.

எண்ணெய் தேய்த்துக்கொள்வதாக இருந்தால் பரிசல் பயணத்தை முடித்துவிட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடப்பதைப்போல ஆபத்து வேறில்லை. குளியலுக்கு அனுமதிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம், நீரடியில் சுழலும் குழியும் உண்டு. மீனை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கி, அங்குள்ள சமையல் பெண்களிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும்.

மறுநாள் நேரம் இருந்தால் கிருஷ்ணகிரிக்கு அருகில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணையையும் (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) பார்க்கலாம். அங்கு அருவியோ ஆரவாரமோ இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் தாழ்ந்திருக்கும், பூங்காவில் குழந்தைகள் விளையாடலாம்.