எபெனேசர் நோட்டு எழுதுவது எப்படி?

சென்னையில் ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஆட்டோ கண்ணாடியிலும் வீட்டு வாசலிலும் 'எபெனேசர்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சொல்லித் தீர்க்கதரிசி சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர் அது (1 சாமுவேல் 7:12). ஆனால் எந்த வருஷம், எதில் உதவினார் என்று கேட்டால் சட்டென்று வாயில் வராது. அவர் உதவியதைத் தேதியோடு எழுதிவைக்கத்தான் இந்த நோட்டு.

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். போன் வேண்டாம், ஜெபத்தில் அதைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தண்ணீர் ஏறும் தெருவென்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு பரண்மேல் வையுங்கள்.

தொடக்கத்துக்கு 12 பதிவுகள். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது நினைவாக எடுத்த கற்களும் 12 தானே (யோசுவா 4). சும்மா உட்கார்ந்து யோசித்தால் மூன்று நான்கோடு நின்றுவிடும். பீரோவைத் திறங்கள்: ஆஸ்பத்திரி ஃபைல், மீட்ட நகையின் அடகு ரசீது, பிள்ளையின் ஃபீஸ் ரசீது, பழைய வாக்குத்தத்த வசன அட்டைகள், பைபிள் ஓரத்தில் பேனாவால் குறித்த தேதிகள். நாம் குழந்தையாக இருந்தபோது நடந்ததை அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயம் வேண்டும்: தேதி, என்ன குறைவு, என்ன ஜெபித்தோம், யார் மூலமாக எப்படி வந்தது. 'கர்த்தர் அற்புதமாய் நடத்தினார்' என்று மட்டும் எழுதினால் ஐந்து வருஷம் கழித்து அதில் ஒன்றுமே இருக்காது. இப்படி எழுதலாம்: '2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பாப்பாவுக்குப் பால் இல்லை. பாலுக்காக ஜெபித்தோம். எதிர்வீட்டு பாய் மாடியிலிருந்து இரண்டு பாக்கெட் கயிற்றில் இறக்கினார்.' காசிமேட்டு மீனவக் குடும்பமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் எதைக்கொண்டு அடுப்பு எரிந்தது என்று வாராவாரம் குறிக்கலாம். தாவீதும் சவுலிடம் பொதுவாகப் பேசவில்லை. சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் கர்த்தர் தப்புவித்ததைச் சொல்லிவிட்டுத்தான் பெலிஸ்தனான கோலியாத்திடம் போனான்.

நடந்த இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள். ஆபத்து தாண்டியதும் 'எப்படியும் கிடைத்திருக்கும்' என்று மனசு கணக்கை மாற்றிவிடும். 'சீக்கிரமாய் அவருடைய கிரியைகளை மறந்தார்கள்' என்று சங்கீதம் 106:13 சொல்வது செங்கடலைத் தாண்டியவர்களைப் பற்றி!

கிடைக்காத பதிலுக்கும் இடம் விடுங்கள். ஜெபித்தும் இறந்தவர், போன வேலை, எல்லாம் தேதியோடு இருக்கட்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். இஸ்ரவேல் தோற்று, பத்துக் கட்டளைப் பலகைகளுக்கான உடன்படிக்கைப் பெட்டியைப் பறிகொடுத்த போரில் அவர்கள் பாளயமிறங்கிய இடத்தின் பெயரும் எபெனேசர்தான் (1 சாமுவேல் 4:1).

வாசிப்பது சனிக்கிழமை குடும்ப ஜெபத்தில், ஒரு தடவைக்கு ஒரே ஒரு பதிவு. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் 136-ஆம் சங்கீதம் போல 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று சொல்லலாம். பிள்ளைகள் இதில் நன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். பயம் பிடித்த ராத்திரியில் முதலில் அழுதுவிடுங்கள், தப்பில்லை. 77-ஆம் சங்கீதத்தைப் பாடிய ஆசாப்பும் 'தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ' என்று புலம்பிய பிறகுதான் 'கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்' என்கிறான். அழுது முடித்து நோட்டைத் திறங்கள்.

இந்தப் பழக்கம் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழியில். 'அன்றைக்குத் தந்தீரே, இன்றைக்கும் அதே மாதிரி தாரும்' என்று பழைய பதிவைப் பில் மாதிரி நீட்டுவது ஒன்று. நோட்டைத் தாயத்துபோல் தலையணைக்கடியில் வைப்பது இன்னொன்று. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபங்காட்டியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). மூன்றாவது, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி சொல்லும்போது தொகையும் காய்ச்சலும் கூடிக்கொண்டே போவது. நோட்டில் உள்ளதை அப்படியே வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கணவரின் குடி, மகளின் கல்யாணத் தடை மாதிரி விஷயங்களை மைக்கில் சொல்லுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அது நோட்டோடு இருக்கட்டும்.