குறைந்த விலை ஸ்மார்ட்போனின் தொழில்நுட்ப விவரங்களைப் படித்தறியும் முறை

போன் பெட்டியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்களைச் சற்று மறந்துவிட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான முழு விவரப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் முதலில் வருவது கேமரா என்பதால், நாம் அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: ரேம், அதாவது இயங்கும் செயலிகள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். "8 ஜிபி" என்பதன் அருகே பொடி எழுத்தில் "4+4" என்றிருந்தால், உண்மையான ரேம் 4 ஜிபி மட்டுமே. மீதி, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 2: சேமிப்பகம். 64, 128 என்ற அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் வகையைப் பார்ப்பவர்கள் குறைவு. இஎம்எம்சி (eMMC) 5.1 என்ற பழைய வகை ஒரு நேரத்தில் படிக்க மட்டுமோ எழுத மட்டுமோ செய்யும், யுஎஃப்எஸ் (UFS) 2.2 என்ற புதிய வகை இரண்டையும் ஒருசேரச் செய்வதோடு, படிக்கும் வேகத்திலும் பெரிதும் முந்தி நிற்கும். பின்னணியில் செயலிகள் புதுப்பிக்கப்படும்போது, கேமராவைத் தொட்டுவிட்டு அது திறக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் சேமிப்பகத்தின் வகையும் ஒரு காரணமாக இருக்கும். பட்டியலில் வகையே குறிப்பிடப்படவில்லையெனில், நான் அதை இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்வேன்.

படி 3: ப்ராசஸர், அதாவது போனின் மூளையான சிப். "எட்டு கோர்" (அதனுள் இருக்கும் எட்டு கணக்கிடும் அலகுகள்) என்பதோடு நின்றுவிடாமல், அவை எந்த வகைக் கோர்கள் என்று தேடுங்கள். மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ ஜி35 ப்ராசஸரில் உள்ள எட்டும் 2012-இல் அறிமுகமான கார்டெக்ஸ் ஏ53 கோர்கள், வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 230 கோடித் துடிப்புகள். அதே நிறுவனத்தின் ஹீலியோ ஜி85-இல் இரண்டு ஏ75 கோர்களும் ஆறு ஏ55 கோர்களும் உள்ளன. உச்ச வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனாலும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏ75 கூடுதல் வேலையை முடிப்பதால், எண்ணில் பின்தங்கியிருக்கும் ஜி85-தான் நடைமுறையில் வேகமானது.

படி 4: திரை. 6.5 அங்குலத்தில் 720×1600 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 270 புள்ளிகள். 1080×2400 என்றால் 405. நிறைய வாசிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும்.

படி 5: மின்கலம். 5000 எம்ஏஎச் (mAh) கொள்ளளவு என்பது சுமார் 19 வாட்-மணி ஆற்றல். 10 வாட் சார்ஜர் முழு வேகத்தில் இயங்கினாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும். நிறையும் தறுவாயில் வேகம் குறைவதால், அதற்கும் மேலாகும்.

படி 6: கேமரா. 50 மெகாபிக்சல் கேமராக்கள் பொதுவாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. பக்கத்தில் 2 மெகாபிக்சல் கேமராக்கள் இருந்தால், அவை பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டத்தான்.

போன் கைக்கு வந்ததும் அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பகுதியைத் திறந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். அது பல மாதங்கள் பழையதாக இருந்தால், வேறு எந்தச் செயலியையும் நிறுவுவதற்கு முன் புதுப்பிப்பைத் தேடி நிறுவிவிடுங்கள்.