ஒரே ஊரில் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள்: எதில் சேர்வது?

இரண்டு கையேடுகளையும் மேசையில் விரித்துப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். அதே கண்ணாடிக் கட்டடம், அதே பாடப்பிரிவு, கட்டணமும் ஏறக்குறைய அதேதான். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சமமானதை அடித்துவிடுங்கள்

இரண்டிலும் இருப்பதையெல்லாம் எழுதி, ஒன்றுபோல இருப்பதை அடியுங்கள். ஊர், விடுதி, விளையாட்டுத் திடல், வைஃபை எல்லாம் போய்விடும். தரவரிசையில் பத்து இருபது இடம் முன்பின் இருந்தால் அதையும் அடிக்கலாம். உதாரணமாக, க்யூஎஸ் நிறுவனம் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண், கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடப்படுவது. உங்கள் துறையின் ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா என்பது அதில் தெரியாது.

படி 2: அங்கீகாரம் எதற்கு என்று பாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நீங்கள் சேரும் படிப்புக்கு இருப்பது வேறு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989-இல் வந்த வாஷிங்டன் உடன்படிக்கைகூடத் தனித்தனிப் படிப்புகளுக்குத்தான் பொருந்தும். அங்கீகாரம் தரும் அமைப்பின் இணையதளத்திலேயே படிப்பின் பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வேலைவாய்ப்புக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம் இருப்பது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

10 பேரில் 9 பேருக்குச் சம்பளம் 4, ஒருவருக்கு 64 என்று வையுங்கள். கூட்டினால் 100, சராசரி 10. விளம்பரத்தில் 10 என்று போடுவார்கள், பொய்யும் இல்லை. ஆனால் சம்பளங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 4தான் வரும். அந்த நடு மதிப்பைக் கேளுங்கள்.

அப்புறம், '95 சதவீதம் பேருக்கு வேலை' என்றால் யாரில் 95? சேர்ந்தவர்களிலா, படிப்பை முடித்தவர்களிலா, நேர்காணலுக்குத் தகுதி பெற்றவர்களில் மட்டுமா? 200 பேர் சேர்ந்து 100 பேர் தகுதி பெற்று 95 பேருக்கு வேலை கிடைத்தாலும் அது 95 சதவீதம்தான். உங்களுக்கோ அது பாதிக்கும் கீழே. உங்கள் துறைக்கு மட்டும், கடந்த மூன்று ஆண்டுகளுக்கு, எண்ணிக்கையாகவே கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கும் இடத்துக்கு நானாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

படி 4: மொத்தச் செலவு

முதல் ஆண்டுக் கட்டணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆண்டுதோறும் உயருமா, தேர்வு, ஆய்வகம், பேருந்துக்குத் தனியா என்று கேட்டு, படிப்பு முடியும் வரை கூட்டுங்கள். உதவித்தொகை கிடைத்தால் அதைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று பாருங்கள். அது நின்றுபோனாலும் உங்களால் கட்ட முடியுமா என்று இன்னொரு கணக்கும் போட்டுவையுங்கள்.

படி 5: வேலை நாளில் போய்ப் பாருங்கள்

சேர வருபவர்களை அழைத்துச் சுற்றிக்காட்டும் திறப்பு நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாம் பளபளப்பாக இருக்கும். சாதாரண நாளில், முடிந்தால் ஒரே நாளில் இரண்டுக்கும் போங்கள். துறை அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை இருந்தால், ஒரே ஆசிரியர் எத்தனை பாடம் எடுக்கிறார் என்று எண்ணுங்கள். கையேட்டில் இருக்கும் விருப்பப் பாடங்களில் போன ஆண்டு உண்மையில் நடந்தவை எவை என்று கேளுங்கள். பட்டியலில் பதினைந்து இருக்கும், நடந்தது நான்காக இருக்கலாம்.

இறுதியாண்டு மாணவர்களிடம் "காலேஜ் நல்லாருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எதைப் பற்றிப் புகார் கொடுத்தீர்கள், என்ன ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் கதை வெளியே வரும்.

இத்தனைக்குப் பிறகும் தராசு அசையவில்லையா? சரி, இன்னும் இரண்டு கேள்விகள். முதல் ஆண்டுக்குப் பின் துறை மாற முடியுமா? இடையில் விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு பணம் திரும்பும்? இரண்டுக்கும் விதி எழுத்தில் எங்கே தெளிவாக இருக்கிறதோ, அங்கே சேருங்கள்.